‘சைட்ல பாத்துக்கலாம்’: ப்ரீகாஸ்டுக்கு மாறும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய சொல்

கோவைப் புறநகரில் வருடத்துக்கு மூன்று, நான்கு அடுக்குமாடிகள் கட்டும் குடும்ப நிறுவனம் அது. பெரியவர் கொத்தனாராகத் தொடங்கி ஒப்பந்தக்காரர் ஆனவர். மகன் சிவில் படித்தவர். மகன் ஒரு ப்ரீகாஸ்ட் தொழிற்சாலையை, அதாவது சுவர், தளம் போன்ற துண்டுகளைக் கான்கிரீட்டில் முன்கூட்டியே வார்த்து சைட்டுக்கு அனுப்பும் இடத்தை, சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, “நாமளே ஒரு பிளான்ட் போட்டரலாம்” என்றார். பெரியவருக்கு அதில் மனமில்லை. “அடுக்கி வெச்ச வீட்டுல ஆருங்க குடியிருப்பாங்க?” என்று கேட்டார். நான் சிங்கப்பூரில் ஏழு வருடம் ப்ரீகாஸ்ட் வேலையில் இருந்தவன். அதனால் இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். அன்று அவர்களிடம் பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் நிறுவனங்கள் இப்போது நிறைய இருக்கின்றன.

கணக்கு போடும் முன் அவர்களிடம் ஒரு வேலை சொன்னேன். ஆபீசிலும் சைட்டிலும் ‘சைட்ல பாத்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால், எதைப் பற்றிச் சொன்னார் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். நோட்டு வந்தது. பாத்ரூம் தளம் எவ்வளவு பள்ளம், ஏசி குழாய்க்கு ஓட்டை எங்கே, லிஃப்ட் குழியின் அளவு, வாஸ்துக்காக ஒரு வாடிக்கையாளர் கேட்ட ஜன்னல் இடமாற்றம், சமையலறையில் மிக்ஸிக்கு பாயின்ட் எந்தப் பக்கம் என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் எல்லாமே கான்கிரீட் போட்ட பிறகு, அல்லது போடுவதற்கு முந்தின நாள் தீர்மானிக்கப்படுகிற விஷயம்.

நம் கட்டுமான முறை அதை மன்னிக்கிறது. செங்கல் சுவரில் காடி வெட்டலாம், பூசி மறைக்கலாம், ஜன்னலை ஒரு அடி நகர்த்தலாம். ப்ரீகாஸ்டில் அந்த ஜன்னல் தொழிற்சாலை அச்சில் எப்போதோ தீர்மானமாகிவிட்டிருக்கும். ஆகவே எந்த முறைக்கு மாறலாம் என்று கேட்பதற்கு முன்னால், நம்மால் எவ்வளவு சீக்கிரம் முடிவெடுத்து அதில் நிற்க முடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே வரும் நான்கு வழிகளையும் நான் அந்தக் கோலை வைத்துத்தான் அளந்தேன்.

இப்போது இருக்கும் வழியே

தூணும் பீமும் சைட்டிலேயே வார்த்து, இடையில் செங்கல் அல்லது பிளாக் கட்டுவது. இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்ன மனை, குறுகலான தெரு, ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு பிளான் என்றால் இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. பணமும் வேலைக்கு ஏற்றாற்போலத்தான் வெளியே போகும்.

இதன் இழப்பு காத்திருப்பில் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி, சாதாரண சிமென்ட் போட்டு, தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்துக்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாளும் அடி முட்டு இருக்க வேண்டும். அத்தனை நாளும் கீழ்மாடியில் சவுக்கு முட்டும் ஜாக்கியும் காடாக நிற்க, பூச்சு ஆள் உள்ளே நுழைய முடியாது. ஆள் பற்றாக்குறை இன்னொன்று. 2020 ஊரடங்கில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ஊருக்குப் போனபோது பாதியில் நின்ற கட்டடங்களை எல்லோரும் பார்த்தோம். அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் அவர்களை நம்பி தேதி சொல்லும் தைரியம் பல ஒப்பந்தக்காரர்களுக்கு இன்னும் திரும்பவில்லை.

அலுமினியம் ஃபார்ம்வொர்க்

சைட்டில் இதை எல்லோரும் ‘மைவான்’ என்றே சொல்கிறோம். ஒரு மலேசிய நிறுவனத்தின் பெயர் முறைக்கே பெயராகிவிட்டது. சுவருக்கும் தளத்துக்கும் அலுமினியத் தகடுகளை மாட்டி, ஒரே மூச்சில் கான்கிரீட் போடுவார்கள். குழு பழகிவிட்டால் ஏழு முதல் பத்து நாளில் ஒரு மாடி எழும். பூச்சு வேலை ஏறக்குறைய இல்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையே மூட்டு கிடையாது, அதனால் அந்த மூட்டில் கசிவும் கிடையாது.

தகடுகளை ஒழுங்காகப் பராமரித்தால் நூறு முறைக்கு மேல் பயன்படும். இந்த முறையின் முழு லாபமும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரே பிளானில் இருபது மாடி எழுப்புகிறவருக்கு யோசனையே வேண்டாம், இதை எடுக்கலாம். நம் கோவை நிறுவனம் கட்டுவதோ ஐந்து மாடி. அடுத்த மூன்று மனைகளும் மூன்று வடிவம். ஐந்து முறை மாட்டிக் கழற்றிய தகடு பிறகு குடோனில் கிடக்கும், அல்லது அடுத்த பிளானுக்காகப் பாதித் தகடுகளை மாற்ற வேண்டி வரும்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது: வெயில். முழுக் கான்கிரீட் சுவர், உள்ளே காற்றுக் குமிழ்கள் கொண்ட எடை குறைந்த ஏஏசி பிளாக்கைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேற்குப் பார்த்த படுக்கையறையில் சித்திரை மாதம் இரவு பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளிச்சுவருக்கு ஏதாவது காப்பு கொடுக்காமல் இந்த முறையில் வீடு விற்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சுவர்ப் பலகைகளால் ஆன முழு ப்ரீகாஸ்டுக்கும் இதே குறை உண்டு.

துண்டுகளை மட்டும் வாங்குவது

சென்னை பெரும்பாக்கத்தில் ஒன்றிய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தில் 1,152 வீடுகள் கட்டப்பட்டன. தரைத்தளமும் அதன்மேல் ஐந்து மாடிகளும் கொண்ட கட்டடங்கள். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல், 2022 மே 26 அன்று திறப்பு விழா. ஆறு நகரங்களில் ஆறு முறைகளைச் சோதித்த அந்தத் திட்டத்தில் சென்னைக்கு ஒதுக்கப்பட்டது ப்ரீகாஸ்ட். எனக்கு அங்கே பிடித்தது வேகம் மட்டுமல்ல. எல்லாவற்றையும் ப்ரீகாஸ்டாக்க வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. எலும்புக்கூடு ப்ரீகாஸ்ட், உள் தடுப்புச் சுவர்கள் ஏஏசி பிளாக்.

அந்தத் தாராளத்தை இன்னும் ஒரு படி தள்ளலாம். அஸ்திவாரம், தூண், பீம் எல்லாம் வழக்கம்போல சைட்டில். படிக்கட்டும் தளமும் மட்டும் தொழிற்சாலையிலிருந்து. தளத்துக்கு ‘ஹாலோ கோர்’ பலகை, அதாவது உள்ளே நீளவாக்கில் குழல் போல வெற்றிடம் விட்டு, இழுத்துக் கட்டிய கம்பியோடு வார்த்த 1.2 மீட்டர் அகலப் பலகை. வரிசையாக அடுக்கி, மேலே ஒரு மெல்லிய கான்கிரீட் படலம் போட்டால் தளம் தயார். அடியில் முட்டுக் காடு இல்லை.

இதில் உள்ள சங்கடங்களையும் சொல்கிறேன். பாத்ரூம் பள்ளத் தளத்துக்கு ஹாலோ கோர் சரிவராது, அந்தப் பகுதியைச் சைட்டிலேயே வார்க்க வேண்டும். பலகை கம்பியின் மேல் உயிர் வாழ்கிறது, கண்ட இடத்தில் ஓட்டை போடக்கூடாது. நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் பிளம்பர் ஒருவர் வழக்கம்போலக் குழாய்க்கு ஓட்டை அடித்து, இரண்டு கம்பிகளைத் துண்டாக்கிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஓட்டையின் இடம் டிராயிங்கிலேயே இல்லை, அதனால் வந்த வினை அது. அந்தப் பலகையைக் கழற்றி மாற்ற ஆன செலவில் நான்கு பலகை வாங்கியிருக்கலாம்.

தெருவும் பார்க்க வேண்டும். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மி.மீ. கனமுள்ள ஒரு சுவர்ப் பலகை ஆறே முக்கால் டன் வரும். அதைச் சுமந்து வரும் டிரெய்லர் திரும்ப இடம் வேண்டும், கிரேன் நிற்க உறுதியான தரை வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கக்கூடாது. கிரேன் தூக்கும் எடை கை நீள நீளக் குறைந்துகொண்டே போகும் என்பதை மறந்து கிரேன் பேசியவர்களை எனக்குத் தெரியும். ஹாலோ கோரும் படிக்கட்டும் சுவர்ப் பலகை அளவுக்குப் பாரம் இல்லை என்பது இந்த மூன்றாவது வழிக்குச் சாதகம்.

சொந்தத் தொழிற்சாலை

மகனின் ஆசை இது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இந்தத் துறையில் விழுந்தவர்களில் பலர் தொழில்நுட்பம் தெரியாமல் விழவில்லை.

1948-ல் பிரிவினை அகதிகளுக்கு வீடு தர டெல்லி ஜங்புராவில் அரசே ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. வீடுகள் திட்டமிட்டபடி வரவில்லை. பிற்பாடு அது இந்துஸ்தான் ஹவுசிங் ஃபேக்டரியாகி, மின்கம்பம், ரயில்வே ஸ்லீப்பர் போன்றவற்றைச் செய்து நிலைத்தது. அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப ஒரே பொருள் கேட்கும் வாடிக்கையாளர் கிடைத்த பிறகுதான் தொழிற்சாலை மூச்சுவிட்டது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்திலேயே கிருஷ்ணகிரியில் கேஇஎஃப் இன்ஃப்ராவின் தொழிற்பூங்கா எழுந்தது. 2017-ல் பெங்களூரின் இந்திரா கேன்டீன்களுக்கான கட்டடத் துண்டுகள் அங்கிருந்து போயின. 2018-ல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் கட்டெராவோடு இணைந்தது. 2015-ல் தொடங்கிய கட்டெரா, ஏறக்குறைய 200 கோடி டாலர் முதலீடு திரட்டிய நிறுவனம். 2021 ஜூனில் திவால் மனு போட்டது. மரப்பலகை ஆலை, வடிவமைப்பு நிறுவனங்கள், ஒப்பந்த நிறுவனங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தன் கூரைக்குள் கொண்டுவரப் பார்த்தது. பிரிட்டனிலும் 2023-ல் லீகல் அண்ட் ஜெனரல் என்ற காப்பீட்டு நிறுவனம், வீட்டைப் பகுதி பகுதியாகச் செய்து அனுப்பும் தன் மாடுலர் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு, அதே தொழிலில் இருந்த இல்கே ஹோம்ஸ் நொடித்துப்போனது. பணம் இல்லாதவர்கள் அல்ல இவர்கள். தொழிற்சாலைக்கு மாதாமாதம் தீனி வேண்டும், வீட்டு விற்பனையோ மழை மாதிரி, வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஆர்டர் இல்லாத மாதத்திலும் வட்டி ஓடும், சம்பளம் ஓடும்.

சிங்கப்பூரில் மட்டும் ப்ரீகாஸ்ட் எப்படி நிலைத்தது என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே வீட்டு வசதி வாரியமே பெரிய வாடிக்கையாளர், 1980-களிலிருந்து ப்ரீகாஸ்டை விடாமல் வாங்குகிறது. 2001 முதல், எளிதாகக் கட்டக்கூடிய வடிவமைப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாமல் பிளான் அனுமதி கிடைக்காது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நிறுவனம் அரசுக்கு மாதவரி கட்டுகிறது. அதனால் சைட்டில் ஒரு ஆளைக் குறைப்பது அங்கே நேரடி லாபம். இந்த மூன்றில் ஒன்றுகூட கோவையில் ஐந்து மாடி கட்டுபவருக்கு இல்லை. அங்கே மூட்டுக்கு கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்றியவர்களில் புதுக்கோட்டைக்காரர்களும் மன்னார்குடிக்காரர்களும் எத்தனையோ பேர். கைத்திறமை நம்மிடம் இருக்கிறது. இல்லாதது சந்தையின் அந்த அமைப்பு.

பெரியவரின் ‘அடுக்கி வெச்ச வீடு’ பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது வீண்பயம் அல்ல. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-வது மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும், அதை நம்பி நின்ற மேல்மாடிகளின் மூலை விழுந்தது, அந்தப் பாரத்தில் கீழ்மாடிகளின் மூலையும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பலகையில் குறையில்லை, பலகையைப் பலகையோடு கட்டிய மூட்டில் குறை. அதன்பிறகு, ஒரு பகுதி போனாலும் மற்றது நிற்கும்படி துண்டுகளைக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைப்பது உலகெங்கும் விதியானது. நம் ஐ.எஸ். 15916-ம் ப்ரீகாஸ்ட் கட்டடங்களின் வடிவமைப்பையும் நிறுத்துதலையும் பற்றிப் பேசுகிறது. எந்தத் தொழிற்சாலையிடம் பேசினாலும் விலைக்கு முன் மூட்டு டிராயிங்கைக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பணம் எப்போது வெளியே போகிறது

நம் ஊரில் வீடு வாங்குபவரும் அவருடைய வங்கியும் ஸ்லாப் ஸ்லாபாகப் பணம் தருகிறார்கள். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, முதல் தளத்துக்கு இவ்வளவு. ப்ரீகாஸ்டில், மனையில் ஒரு கல் எழும்பும் முன்னே தொழிற்சாலைக்கு முன்பணம் போய்விடும். பலகைகள் அங்கே தயாராகி அடுக்கியிருக்கும், வங்கி அதிகாரி வந்து பார்த்தால் மனை வெறுமையாக இருக்கும். அந்த இடைவெளியைத் தாங்கும் பணம் கையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பின்னால் பிளான்படி வேகமாக எழும்பினால் வட்டி மிச்சம், உண்மைதான். ஆனால் முதல் நான்கு மாதத்தைக் கடந்தவருக்குத்தான் அந்த மிச்சம்.

வரியையும் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் புது வீடுகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், மலிவு வீட்டுக்கு 1 சதவீதம், ஆனால் கட்டுபவர் பொருளுக்குக் கட்டிய வரி திரும்பாது. தொழிற்சாலைத் துண்டுக்கு 18 சதவீதம். அந்த விலைக்குள் சிமென்ட், கம்பியோடு கூலியும் கரன்டும் தொழிற்சாலை லாபமும் அடங்கியிருக்கின்றன, எல்லாவற்றுக்கும் சேர்த்து வரி. சைட்டில் சின்ன மேஸ்திரியிடம் போகும் கூலியில் பெரும்பாலும் இந்தச் சுமை இல்லை. ஒப்பிடும்போது சதுர அடி ரேட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

ஆட்கள்

நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான். புது முறை கொண்டுவரும் நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது இது: வெளியிலிருந்து ஒரு ப்ரீகாஸ்ட் மேனேஜரை எடுத்து, பழைய மேஸ்திரிகளை ‘மத்த வேலைக்கு’ ஒதுக்குவது. ஆறே மாதத்தில் நல்ல மேஸ்திரி வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். அவரோடு கம்பி கட்டுபவரும் சென்ட்ரிங் ஆளும் போயிருப்பார்கள்.

இந்த நிறுவனத்தில் இருபது வருடமாக இருக்கும் மேஸ்திரி ஒருவர், பேச்சு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. தளம் தொழிற்சாலையிலிருந்து வந்தால் அவருடைய கணக்கில் பாதி போய்விடும், அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் அதைத்தான் முதலில் பேசினேன். முதல் கட்டடத்துக்கு அவருக்கு மாதச் சம்பளம், அதுவும் போன வருடம் அவர் ஈட்டியதற்குக் குறையாமல். துண்டுகளை இறக்கிப் பொருத்தும் ஆறேழு பேர் கொண்ட குழுவுக்கு அவரே தலைவர். இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் மாறவே வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன்.

பிறகு மேஸ்திரியிடம் போய், “செப்டிக் டேங்குக்கு உறை இறக்கியிருக்கீங்கல்ல? அதே மாதிரிதான், கொஞ்சம் பெருசு” என்றேன். “உறை மண்ணுக்குள்ள போவுதுங்க. ரெண்டு இஞ்ச் சாஞ்சா ஆருக்குத் தெரியும்? இது அப்படிங்களா?” என்று திருப்பிக் கேட்டார். சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். சைட்டில் வார்க்கும் பீம் மட்டத்தில் 20 மி.மீ. ஏற்ற இறக்கம் இருந்தால் வழக்கமாகப் பூச்சு அதை விழுங்கிவிடும். ஹாலோ கோர் பலகையின் நுனி அந்தப் பீமின் மேல் உட்கார வேண்டும், அங்கே விழுங்க ஒன்றுமில்லை. ஆகவே இந்த முறையில் ரசமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்த அனுபவக் கைக்கு மதிப்பு கூடத்தான் செய்யும். அவரைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அச்சில் கான்கிரீட் ஊற்றும் முன் அளவு பார்த்துக் கையெழுத்திடும் அதிகாரத்தையும் கொடுங்கள் என்றேன். கட்டியிருந்த கை அப்போதுதான் அவிழ்ந்தது.

விற்பனைப் பிரிவுக்கு ஒரே விதி. டிராயிங் மூடும் தேதி வரை வாடிக்கையாளர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், வாஸ்துவும் அதில் அடக்கம். அந்தத் தேதிக்குப் பிறகு முதலாளியின் மைத்துனரே கேட்டாலும் கிடையாது. இதைச் சொன்னபோது அறையில் எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் அதிகம் மாற்றுபவர் அவர்தான், நோட்டில் பல வரிகள் அவருடையவை. அவர் நோட்டை வாங்கி ஒருமுறை முழுக்கப் படித்தார். “அப்ப மொதல்ல என்னையத்தான் பூட்டோணும்” என்றார், கோபமில்லாமல்.

தூக்கும் வேலையின் பாதுகாப்பைத் தனியாக எழுதவே ஒரு கட்டுரை வேண்டும். இங்கே இரண்டு மட்டும்: தொங்கும் பாரத்தின் கீழ் யாரும் நிற்கக்கூடாது, பாரம் கட்டும் ஸ்லிங்கையும் கொக்கியையும் தினமும் காலையில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதில் தளர்வு காட்டும் நிறுவனம் எந்த வழிக்கும் போக வேண்டாம்.

என் முடிவு மூன்றாவது வழி. அதிலும் முதல் கட்டடத்தில் படிக்கட்டும், பாத்ரூம் நீங்கலாக மற்ற இடங்களின் தளமும் மட்டும். இரண்டு கட்டடங்கள் அப்படி முடிந்து, டிராயிங் மூடும் தேதி இரண்டு முறையும் மீறப்படாமல் இருந்தால், தூணுக்கும் பீமுக்கும் போகலாம். சொந்தத் தொழிற்சாலையை ஐந்து வருடத்துக்குப் பேச வேண்டாம். ஒரே பிளானில் உயரக் கட்டும் வாய்ப்பு வந்தால் மைவானை வாடகைக்கு எடுக்கலாம். மகனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் டிராயிங் பொறுப்பை முழுசாக அவரிடமே கொடுத்திருக்கிறார்கள்.

ஆவணியில் அஸ்திவாரம். டிராயிங் மூடும் தேதி வைகாசி முப்பது என்று ஆபீஸ் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குள் லிஃப்ட் குழியின் அளவு வந்தாக வேண்டும். லிஃப்ட் நிறுவனத்துக்குப் பெரியவரே நேற்று இரண்டு முறை போன் போட்டாராம்.